அம்மாவின் முதலாண்டு நினைவு மலரில் எதை எழுத வேண்டும்?

கேள்வி: கொக்குவில் இளையவன்

அன்புடையீர்,

எங்கள் அம்மா சென்ற தை மாதம், பொங்கல் கழிந்து நான்காம் நாள், தமது 74ஆவது வயதில், யாழ்ப்பாணம் கொக்குவிலில் உள்ள எங்கள் வீட்டிலேயே காலமானார். வருகின்ற தையில் ஆட்டைத் திவசம். அக்கா ஊரிலும் அண்ணா இலண்டனிலும் நான் ரொறன்ரோவிலுமாக இருக்கிறோம். ஞாயிறுதோறும் தொலைபேசியில் கூடிப் பேசியதில், அன்றைய நாளில் அம்மாவுக்கு ஒரு நினைவு மலர் வெளியிடுவது என்று தீர்மானித்திருக்கிறோம். அதில் எதை எழுதுவது என்பதில்தான் மூவருக்கும் இணக்கம் ஏற்படவில்லை.

31ஆம் நாள் கிரியைகளான அந்தியேட்டிக்கும் வீட்டுக்கிருத்தியத்துக்கும் வழமைப்படி, இறந்தவர் நினைவாக வழங்கும் சிறு நூலான கல்வெட்டு ஒன்றை அச்சிட்டோம். செத்தவீட்டுக் களைப்பிலும் விமானச் சீட்டு, விடுமுறை என்ற அவசரத்திலும் அச்சகத்தார் காட்டிய மாதிரியை அப்படியே ஒப்புக்கொண்டோம். உள்ளே 'மக்கள் புலம்பல்' என்ற தலைப்பில் எங்கள் மூவர் வாயிலிருந்தும் வருவதுபோலப் பாடல்கள் இருந்தன. பொன்னிற மேனியாள் என்று அம்மாவை விளித்த இடத்தை அண்ணா வாசித்தபோது, அழுதுகொண்டிருந்த அக்கா சிரித்துவிட்டார். எங்கள் அம்மா நல்ல கறுப்பு. "கறுப்புத் துணியில் ஊத்தை தெரியாது" என்று தம் நிறத்தைப் பற்றிப் பெருமையாகவே சொல்வார். இறந்த நாளின் திதியைச் சொல்லும் திதி வெண்பாவிலும் பிழை. அம்மா இறந்தது தேய்பிறைப் பஞ்சமியில். அச்சானதோ பூர்வபக்கம், அதாவது வளர்பிறை என்று.

இவற்றையெல்லாம்விட என்னை உறுத்தியது கடைசிப் பக்கம். 'நன்றி நவிலல்' என்ற அப்பக்கத்தில் மலர்வளையம் வைத்தவர்களுக்கும், வெளிநாடுகளிலிருந்து தொலைபேசியில் ஆறுதல் சொன்னவர்களுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், கிரியைகளை நடத்திய குருக்களுக்கும், அச்சகத்தாருக்கும் உளமார்ந்த நன்றி சொல்லியிருந்தோம். அம்மாவுக்கு நன்றி என்று அந்தக் கல்வெட்டில் ஓர் இடத்திலும் இல்லை. ரொறன்ரோவுக்குத் திரும்பிய விமானத்தில் அதை வாசித்துக்கொண்டு வந்தபோதுதான், அவர் உயிரோடிருந்த காலத்திலும் நான் அவருக்கு அதைச் சொன்னதில்லை என்பது உறைத்தது.

அம்மாவைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அப்பா 1986இல் இறந்தபோது எனக்கு நான்கு வயது. அதன்பின் எங்கள் வீட்டில் உலை கொதித்தது ஒரு சிங்கர் தையல் மெசினால். காலையில் முற்றம் கூட்டி, குளித்து, நல்லூர் முருகன் கோயில் இருக்கும் திசையை நோக்கிக் கும்பிட்டுவிட்டு அம்மா மெசினில் அமர்ந்தாரென்றால், மதியச் சோற்றுக்குத்தான் எழும்புவார். தையில் பாடசாலை தொடங்குவதால் மார்கழி முழுவதும் இரவிலும் தைப்பார். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெய் அருமையாக இருந்தபோது, ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு எண்ணெயும் திரியும் இட்டு ஏற்றும் அந்தச் சின்ன விளக்கை மெசினின் தலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தைத்தார். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே இடம்பெயர்ந்த அன்று, மற்றவர்கள் நகையையும் காணி உறுதியையும் தேடிக்கொண்டிருக்க, அம்மா மெசினின் தலையைக் கழற்றிச் சாக்கில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டினார். அதைத் தள்ளிக்கொண்டே நாவற்குழிப் பக்கமாக நகர்ந்த சனத்தோடு மழையில் இரவு முழுவதும் நடந்தார். தென்மராட்சியில் ஒரு பாடசாலையில் தங்கியிருந்த காலத்தில், அந்தத் தலையை ஒரு வாங்கில் பொருத்திச் சில்லைக் கையால் சுழற்றித் தைத்தார். 1996இல் வீடு திரும்பியபோது மெசினின் இரும்புக் கால்கள் போயிருந்தன. புதுக் கால்கள் வாங்கும்வரை ஒரு மரப்பெட்டிதான் அதற்குக் கால்.

அவரது அலுமாரியில் பதினொரு சீ.ஆர். கொப்பிகள் (தடித்த அட்டைக் குறிப்பேடுகள்) இருந்தன. அயலிலுள்ள பிள்ளைகளின் சீருடை அளவுகள் ஆண்டுவாரியாக எழுதப்பட்டவை: பெயர், நீளம், நெஞ்சு, இடுப்பு, 'மடிப்பு' என்று ஒரு நிரல், கூலி என்று ஒரு நிரல். மடிப்பு என்பது, பிள்ளை வளர வளர அவிழ்த்துவிடுவதற்காகக் கீழ்விளிம்பில் உள்ளே வைக்கும் துணியின் அளவு. கூலி நிரலில் பல இடங்களில் தொகைக்குப் பதிலாகப் 'பிறகு' என்று எழுதியிருக்கிறார். அவற்றுள் பெரும்பாலானவை கடைசிவரை வெட்டப்படவே இல்லை.

முதலாண்டு மலருக்கு என்று கட்டாயமான அமைப்பு ஏதும் உண்டா? புலம்பற் பாடல்களை விட்டுவிட்டால் ஊரார் குறை சொல்வார்களா? கொப்பியிலிருந்து ஒரு பக்கத்தைப் படமாகப் போடலாம் என்பது என் எண்ணம். அம்மாவின் கறித்தூள் பக்குவத்தைப் போட வேண்டும் என்பது அக்காவின் விருப்பம்; நினைவு மலரில் சமையற் குறிப்புப் போடுவது மரியாதையில்லை என்பது பெரியம்மாவின் கட்சி. அண்ணாவோ எதைப் போட்டாலும் தமக்குச் சம்மதம் என்கிறார், அது உதவியாக இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அச்சகத்து மாதிரியின் சொற்களுக்குள் போய் விழுந்துவிடாமல் அம்மாவுக்கு நன்றி எழுதுவது எப்படி என்று தெரியாமல் இருக்கிறேன். மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் 'தியாகச் சுடர்' வந்துவிட்டது.

---

பதில்: தமிழாசான் (ஓய்வு)

தம்பிக்கு,

உங்கள் துயரில் பங்குகொள்கிறேன். முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். பாடசாலையில் படிப்பித்த காலத்தில் நானும் கல்வெட்டுகளுக்குப் பாட்டெழுதிக் கொடுத்தவன். பொன்னிற மேனி என்று நானும் எழுதியிருக்கக்கூடும். இரவு எட்டு மணிக்கு ஒருவர் சைக்கிளில் வந்து அரைத்தாளில் பெயர், பிறந்த ஊர், புகுந்த ஊர், கணவர் பெயர், பிள்ளைகள் தொகை ஆகியவற்றை எழுதித் தந்து, "காலையில் அச்சுக்குப் போக வேண்டும் மாஸ்ரர்" என்பார். அந்த அரைத்தாளில் நிறம் இருக்காது. அவர் என்ன வேலை செய்தார் என்பதுகூட இருக்காது. இறந்தவர் எந்த அம்மாவாக இருந்தாலும் பொருந்தும் பாட்டைத்தான் அதிலிருந்து எழுத முடியும். ஆகவே பழியில் பாதியை அரைத்தாள் கொண்டுவருபவருக்கும் பகிர்ந்து கொடுங்கள்.

கல்வெட்டுக்குச் சாத்திர விதி ஏதும் இல்லை. கிரியைகள் குருக்களுடைய பொறுப்பு. கல்வெட்டு அச்சுக்கூடம் வந்த பிறகு நம்மவர் வளர்த்துக்கொண்ட வழக்கம். பழைய கல்வெட்டுகள் சிலவற்றைப் பார்த்தால், கிடைத்தற்கரிய சிறு நூல் ஒன்றை இறந்தவர் நினைவாக மறுபதிப்பாகவே வெளியிட்டிருப்பார்கள். புலம்பலை விட்டுவிடுவதில் தவறேதும் இல்லை. தேவார திருவாசகங்களில் சிலவற்றை, அம்மா வாய்விட்டுப் பாடியவை எவையோ அவற்றை மட்டும் தேர்ந்து போடுங்கள்.

திதி வெண்பாவை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதை அலங்காரமாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது ஒரு குறிப்பேடு. ஆண்டுத் திவசம் ஆங்கிலத் திகதியில் வருவதில்லை, மாதமும் பக்கமும் திதியும் சேருகிற நாளில் வருகிறது. தாளில் எழுதி வைத்தது தொலைந்துபோகும். நான்கடிப் பாட்டாக நாவில் ஏறியது தொலையாது. மூன்றாம் தலைமுறைப் பிள்ளை ஒருவன் பூட்டியின் திவசம் எப்போது என்று கேட்டால், வெண்பாவைச் சொல்லிக் கணக்கிட்டுவிடலாம். அதனால்தான் அதில் பூர்வபக்கம், அபரபக்கம் மாறுவது பெரும் பிழை: பதினைந்து நாள் தள்ளிப் படையல் வைப்பதாக முடியும். உயிர் பிரிந்த நேரத்தை அந்த ஊர் நேரப்படி குறித்துக்கொண்டு, அவ்வேளையில் நின்ற திதியைப் பஞ்சாங்கத்தில் பாருங்கள். நம்மூரில் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கங்கள் வழங்குகின்றன. இரண்டிலும் திதி தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் வேறுபடும். உங்கள் வீட்டில் எதைப் பின்பற்றுகிறீர்கள் என்பதைக் குருக்களிடம் கேட்டு, ஆண்டுதோறும் அதையே கைக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்ன தேய்பிறைப் பஞ்சமியை வைத்து ஒன்று எழுதியிருக்கிறேன். பிடித்திருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டு குரோதியில் தைத்திங்கள் தேய்பிறையில்
ஈண்டிய பஞ்சமியில் எம்மன்னை – வேண்டியே
நாளும் பணிந்தேத்தும் நல்லூரான் தாள்நிழலில்
மீளா தமர்ந்தாள் விழைந்து.

குரோதி என்பது அறுபது ஆண்டு வட்டத்தில் 38ஆவது. மீண்டும் குரோதி வர அறுபது ஆண்டு செல்லும். ஆகவே எந்த ஆண்டு என்ற ஐயம் உங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் வராது. நான்காம் அடியில் 'அமர்ந்தாள்' என்ற சொல்லை, மெசினில் அமர்ந்தார் என்று நீங்கள் எழுதியதை நினைத்தே வைத்தேன். அதை விளக்கி மலரில் அச்சிட வேண்டாம். தெரிந்தவர்களுக்குத் தெரியட்டும்.

ஆட்டைத் திவசத்துக்குப் பிறகும், தாயை இழந்தவர்கள் நோற்கும் சித்திரா பௌர்ணமி ஆண்டுதோறும் இருக்கிறது. தந்தைக்கு ஆடி அமாவாசை பிடித்து வருபவர்தானே நீங்கள்; இனி இதுவும் உங்களுக்கு உரியது.

நன்றி எழுதுவதைப் பற்றி ஒன்று. மாணவர் கட்டுரைகளைத் திருத்திய பழக்கத்தில் சொல்கிறேன்: 'தியாகச் சுடர்' என்று எழுதிய கை, அவர் என்ன செய்தார் என்று அடுத்த வரியில் எழுத மறுத்துவிடும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக அதற்கு ஒரு நினைப்பு. இந்தத் திரியில் அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதிய பந்தியில் அப்படி ஒரு சொல்கூட இல்லை. மெசினைச் சாக்கில் சுற்றியது இருக்கிறது, சில்லைக் கையால் சுழற்றியது இருக்கிறது. நான்காவது முறை எழுதும்போது அந்தப் பந்தியிலிருந்து தொடங்குங்கள்.

---

பதில்: வடமராட்சியாள்

தம்பி, என் அம்மா காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் பெரியம்மா சொன்னதையே எங்கள் மாமியும் சொன்னார். "திவசத்துக்கு அம்மாவுக்கு விருப்பமான கறியைச் சமைத்துப் படைக்கிறோம்தானே மாமி, படையலுக்கு ஆகிறது தாளுக்கு ஆகாதா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் மனம் ஒப்பவும் இல்லை. பிறகு நாங்களே ஒரு வழி கண்டோம். மலர் சுவாமி அறைக்குப் போகிற பொருள், தேவாரத்துக்கு அடுத்த பக்கத்தில் செத்தல் மிளகாய் வருவது உண்மையில் பொருத்தமில்லைதான். ஆகவே பக்குவங்களைத் தனித்தாளில் அச்சிட்டு மலருக்குள் இணைப்பாக வைத்தோம். மலர் சுவாமிப் படத்தடியில் இருக்கிறது. அந்தத் தாள் பலருடைய குசினியில் எண்ணெய்க் கறையோடு ஒட்டப்பட்டிருக்கிறது. மாமி வீட்டிலும் அப்படித்தான்.

ஆனால் எழுதுவது நீங்கள் நினைக்கிறதைவிடக் கடினம். உங்கள் அக்காவுக்கு அளவுகள் தெரியுமா? எங்களுக்குத் தெரியவில்லை. அம்மா தராசைத் தொட்டதே இல்லை. மல்லியைப் பால்மாப் பேணியின் மூடியாலும் செத்தல் மிளகாயைக் கைப்பிடியாலும் அளப்பார். மூடி நல்லவேளையாக அடுக்களையில் கிடந்தது. அதில் எவ்வளவு மல்லி கொள்ளும் என்று நிறுத்துக் குறித்துக்கொண்டோம். கைப்பிடிக்கு என்ன செய்வது? அம்மாவின் கை சிறியது, என் கை பெரியது. கடைசியில் அம்மாவின் வளையல்கள் யாருடைய கைக்குச் சரியாக இருக்கின்றன என்று பார்த்து, என் தங்கையின் மகளைக் கொண்டு மிளகாயை அள்ளுவித்தோம். மல்லி, மிளகாய், மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் சரியாகவே இருந்தும் முதல் இரண்டு முறை அரைத்ததில் அம்மாவின் வாசம் வரவில்லை, இலேசாகக் கசந்தது. பக்கத்து வீட்டு ஆச்சிதான் வந்து பார்த்துவிட்டு, வெந்தயத்தை மற்றவற்றோடு சேர்த்து வறுத்தால் அது முந்திக் கருகிவிடும் என்றும், அம்மா அதைக் கடைசியில் சட்டியின் சூட்டில் மட்டும் புரட்டி எடுப்பார் என்றும் சொன்னார். மூன்றாவது முறை மில்லிலிருந்து தூளைக் கொண்டுவந்து மூடியைத் திறந்தபோது, வீட்டில் யாரும் சிறிது நேரம் பேசவில்லை.

உங்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: அம்மாவின் வயதுக்காரர்களில் இருப்பவர்களிடம் இப்போதே போய்க் கேளுங்கள். அம்மாவைப் பற்றிப் பிள்ளைகளுக்குத் தெரியாதது அயலுக்குத் தெரியும். பெரியம்மாவையே கேட்டுப் பாருங்கள். அவரிடம் பக்குவம் கேட்டால் எதிர்ப்பும் அடங்கிவிடும்.

கொப்பிப் பக்கத்தைப் போடுவது மிக நல்லது. ஆனால் பெயர்களை மறைத்துவிடுங்கள். 'பிறகு' என்ற நிரலையும் காட்ட வேண்டாம். அந்தப் பிள்ளைகள் இன்று வளர்ந்து அதே ஒழுங்கையில் குடும்பமாக இருப்பார்கள். திவசத்துக்கு வந்து உங்கள் வீட்டில் சாப்பிடுவார்கள். அம்மா கேட்காத கடனை அவருடைய மலர் கேட்கக்கூடாது.

---

பதில்: குருநகர்

நாங்கள் கத்தோலிக்கர், எங்களில் இவ்வளவு பெரிய கல்வெட்டு இல்லை. 31ஆம் நாளுக்கும் ஆண்டு நிறைவுக்கும் திருப்பலி ஒப்புக்கொடுப்போம், படமும் ஒரு செபமும் அச்சிட்ட சிறிய அட்டை கொடுப்போம், நவம்பர் 2ஆம் திகதி ஆன்மாக்கள் தினத்தில் சேமக்காலைக்கு (கல்லறைத் தோட்டத்துக்கு)ப் போய் மெழுகுதிரி ஏற்றுவோம். அட்டையில் நான்கு வரிக்குமேல் இடமில்லாதது ஒரு வகையில் நன்மையாகப் போயிற்று. என் அம்மாவின் அட்டையில், செபத்தின்கீழ், "விடியற்காலை நான்கு மணிக்குக் கரைக்கு வந்து அப்பாவின் வள்ளத்துக்காகக் காத்து நின்றவர்" என்று மட்டும் எழுதினோம். எங்கள் கரையில் அந்த ஒரு வரியே அவரை அடையாளம் காட்டப் போதுமாக இருந்தது. உங்கள் மலரிலும் முகப்புப் படத்தின்கீழ் அம்மாவின் தொழிலை எழுதுங்கள். 'இல்லத்தரசி' என்று போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

---

பதில்: பனங்கிழங்கு

ஒரு மாற்றுக் கருத்து. நினைவு மலர்களில் வருகிற அம்மாமார் எல்லோரும் பொறுமையின் இருப்பிடங்கள். என் அம்மா கோபக்காரர். சாதாரண தரப் பரீட்சைக்கு ஒரு கிழமை இருக்கும்போது நான் கிரிக்கெட் விளையாடப் போனதற்காக, மட்டையைக் கொத்தி அடுப்பில் வைத்து, அந்த நெருப்பிலேயே எனக்குப் புட்டு அவித்துக் கொடுத்தவர். முதலாண்டு நினைவில் எல்லோரும் வழமைபோலப் பேசி முடித்தபின் நான் எழுந்து இதைச் சொன்னேன். தம்பிமார் தாங்கள் வாங்கிய அடிகளைச் சொல்லத் தொடங்க, வீடு ஓராண்டுக்குப் பிறகு முதல்முறையாக அவருடைய வீடுபோல இருந்தது. நன்றி சொல்கிறோம் என்பதற்காக அவரை மெழுகிப் பளபளப்பாக்க வேண்டியதில்லை. நீங்கள் அம்மாவோடு சண்டை பிடித்த நாள் ஒன்று இருக்குமே, அதை எழுதிப் பாருங்கள்.

---

பதில்: ஏட்டுச்சுவடி

மற்றவர்கள் எழுத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். நான் பாதுகாப்பைப் பற்றிச் சொல்கிறேன். இத்தகைய மலர்களை நூலகம் நிறுவனம் எண்ணிம வடிவில் சேகரித்து இணையத்தில் வைத்து வருகிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததும் அதன்பின் வந்த இடப்பெயர்வுகளும் நம் வீடுகளில் தாள் என்று எதையும் மிச்சம் வைக்காத நிலையில், எளிய மனிதர்களின் வாழ்க்கை வரலாறு அச்சில் கிடைக்கும் ஒரே இடம் பல வேளைகளில் இந்தக் கல்வெட்டுகள்தாம். ஒரு தையற்காரப் பெண் இடம்பெயர்வின்போது எப்படித் தொழில் செய்தார் என்பதை நாளை ஒருவர் ஆராய விரும்பினால், உங்கள் மலரைத்தான் திறப்பார். ஆகவே இரண்டு பிரதிகளை அதற்கென ஒதுக்கிவையுங்கள்.

இணையத்தில் ஏறும் என்பதால் வம்சாவளிப் பக்கத்தில் கவனம் வேண்டும். இறந்தவர்களின் விபரங்களைத் தாராளமாகக் கொடுக்கலாம். உயிரோடிருப்பவர்களின் முழுப் பிறந்த திகதியும் முகவரியும் வேண்டாம். வங்கிகள் தொலைபேசியில் 'உங்கள் தாயின் கன்னிப் பெயர் என்ன' என்று கேட்டு அடையாளத்தை உறுதிப்படுத்துகின்றன. நம்மவர்களோ அதைக் குடும்ப மரம் வரைந்து அச்சிட்டு ஐந்நூறு பேருக்குக் கொடுக்கிறோம்.

இன்னொன்று, இதை இன்றைக்கே செய்யுங்கள். அம்மா உங்களுக்கு அனுப்பிய வட்ஸ்அப் குரற்செய்திகள் உங்கள் மூவரின் தொலைபேசிகளிலும் இருக்கும். தொலைபேசி மாறும்போது அவை அழிந்துபோகக்கூடும். ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, திகதியைக் கோப்பின் பெயராக இட்டு, இரண்டு வேறு இடங்களில் சேமியுங்கள். "சாப்பிட்டியா, குளிருக்குத் தொப்பி போட்டியா" என்பதற்குமேல் அவற்றில் ஒன்றும் இருக்காது என்று நினைத்து என் அம்மாவுடையவற்றை நான் விட்டுவிட்டேன்.

---

பதில்: கொக்குவில் இளையவன்

அனைவருக்கும் நன்றி. தமிழாசான் ஐயாவின் வெண்பாவை அக்கா மனனம் செய்துவிட்டார். பஞ்சாங்கத்தையும் குருக்களிடம் காட்டி உறுதிப்படுத்தினோம். குருநகர் நண்பர் சொன்னது உண்மை. பழைய கல்வெட்டில் இல்லத்தரசி என்றுதான் இருந்தது. இப்போது 'தையற்காரர்' என்று வருகிறது. குரற்செய்திகள் 214 கிடைத்தன. அண்ணாதான் இரண்டு இரவு விழித்திருந்து சேமித்தார். அவற்றுள் ஒன்றில் பின்னணியில் மெசின் ஓடும் சத்தம் கேட்கிறது. கறித்தூள் இணைப்புத்தாளாக வருகிறது. வடமராட்சி அக்கா சொன்னது போலவே, பெரியம்மாவிடம் அளவு கேட்கப் போன அன்றே எதிர்ப்பு முடிந்துவிட்டது; அக்கா எழுதி வைத்திருந்த அளவு பிழை என்று அவர் கொப்பியைப் பறித்துத் தாமே எழுதத் தொடங்கிவிட்டார்.

பனங்கிழங்கு சொன்னபடி சண்டை பிடித்த நாளை எழுதினேன். கொப்பியில் என் அளவு இருந்த பக்கத்தை இதற்கு எதிர்ப்பக்கமாகப் போடுகிறோம். வரைவு இது:

"அம்மா, 1993ஆம் ஆண்டுக் கொப்பியில் 'சின்னவன், நீளம் 14, மடிப்பு 2' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆண்டு எனக்குத் தைத்த நீலக் காற்சட்டையின் கீழ்விளிம்பில் இரண்டு அங்குலத் துணியை உள்ளே வைத்திருந்தீர்கள். அடுத்த தையில் ஓர் அங்குலத்தை அவிழ்த்துவிட்டீர்கள். அதற்கடுத்த தையில் மற்ற அங்குலத்தையும் அவிழ்த்தீர்கள். வெளித்துணி தோய்த்துத் தோய்த்து வெளுத்திருக்க, உள்ளே இருந்த துணி புதுநீலமாக வெளியே வந்தது. பழைய மடிப்பு நின்ற இடத்தில் வெள்ளையாக ஒரு கோடும் விழுந்திருந்தது. வகுப்பில் என்னை வரிக்குதிரை என்றார்கள். நான் வீட்டுக்கு வந்து அந்தக் காற்சட்டையைக் கழற்றி மெசினுக்கு மேல் எறிந்து, ஊருக்கெல்லாம் புதிதாகத் தைக்கிறீர்கள், எனக்கு மட்டும் ஏன் இது என்று கத்தினேன். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் தைத்துக்கொண்டிருந்த சட்டையை முடித்தீர்கள். பிறகு காற்சட்டையை நனைத்துக் கிணற்றுக்கட்டில் விரித்து, மேற்பகுதியைச் சாக்கால் மூடி, அந்த நீலப்பட்டை மட்டும் வெயிலில் காயும்படி வைத்தீர்கள். காய்ந்ததும் மீண்டும் நனைத்தீர்கள். ஒரு கிழமை அப்படிச் செய்தீர்கள். பட்டை சிறிது மங்கியது, கோடு போகவில்லை. நான் அதையே உடுத்துக்கொண்டு போனேன். உங்களோடு இரண்டு நாள் பேசவில்லை. அந்த ஆண்டு ஐப்பசியில் தென்மராட்சிக்கு நடந்தபோதும் அதுதான் என் இடுப்பில் இருந்தது. எனக்காக ஒரு பட்டைத் துணியை வெயிலுக்கு வைத்து வைத்து எடுத்தீர்கள் அம்மா. அதற்கு நன்றி."

நேற்றிரவு இதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, மூடியது சாக்கு அல்ல, தமது பழைய பாவாடை என்றும், அந்தக் கிழமை முழுவதும் கிணற்றடியில் நின்று காகம் கலைத்ததும் வெயிலுக்கேற்பக் காற்சட்டையைத் திருப்பித் திருப்பி வைத்ததும் தாம்தான் என்றும் சொன்னார். சாக்கைப் பாவாடை என்று திருத்திவிட்டேன். காகம் கலைத்ததற்கு 'நன்றி நவிலல்' பக்கத்தில் தமக்கும் ஒரு வரி வேண்டுமாம், பந்தல்காரருக்கு மேலே.